692 வந்த வழி

85692. வவுனியாவில் இருக்கும் ஓர் அக்காவின் பழைய அடையாள அட்டையில் முதல் ஐந்து இலக்கங்கள். மிச்ச நாலு இலக்கத்தையும் கடைசியில் நிற்கும் ‘வி’ எழுத்தையும் நான் சொல்லப்போவதில்லை.

85 பிறந்த ஆண்டு. 692 பிறந்த நாள். அக்கா யூலை 10. அது ஆண்டின் 192ஆவது நாள் என்று கணக்கு. பெண் என்றால் அதோடு 500 கூட்டுவார்கள். ஆனால் 1985ஆம் ஆண்டு நாட்காட்டியை எடுத்து எண்ணிப் பார்த்தால் யூலை 10 வெறும் 191ஆவது நாள்தான். ஆட்பதிவுத் திணைக்களத்தின் கணக்கில் எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள். இது தெரியாமல்தான் நான் ஒரு சிக்கனக் கடன் சங்கத்துக்கு அங்கத்தவர் பதிவு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன்.

குருமன்காட்டில் அக்காவின் தொலைபேசியிலிருந்து புறப்படும்போது அந்த இலக்கம் வெறும் எழுத்துக்கூட்டம். சேர்வருக்கு வந்ததும் ஒரு பையில் ஏறுகிறது. நாங்கள் அதை டி.ரி.ஓ. என்போம். இந்தப் பைக்குச் சிந்தனை கிடையாது. ‘வி’யைச் சின்ன எழுத்தில் அடித்தாலும், நடுவில் இடைவெளி விட்டாலும் அப்படியே சுமந்து வரும். ஜாவா உலகில் முதலில் இதற்கு வேறு பெயர்கள் இருந்தன. 2002இல் மார்ட்டின் பவுலரின் புத்தகம் வந்த பிறகு இந்தப் பெயர் நிலைத்தது. அப்போது சொன்ன காரணம் எளிது: தூரத்துக் கணினியோடு பத்துத் தரம் பேசினால் பத்துத் தரமும் நேரம் செலவு. சந்தைக்கு ஒரே நடையில் போய் எல்லாவற்றையும் வாங்கி வருவதுபோல.

உள்ளே இருப்பது என்ரிற்றி. டேற்றாபேஸில் ஒரு வரிசையோடு பிணைந்தது, தனக்கென்று விதிகள் உள்ளது. பையைப் பிரிக்காமல் அப்படியே உள்ளே கொட்டினால் என்ன என்று படிக்க வரும் பிள்ளைகள் கேட்பார்கள். 2012 மார்ச்சில் யேகோர் ஹோமகோவ் என்ற ரஷ்ய இளைஞர் கிட்ஹப்பில் அதைத்தான் செய்து காட்டினார். படிவத்தில் இல்லாத ஒரு கட்டத்தைத் தானே சேர்த்து அனுப்பி, அங்கே இருந்த ரெயில்ஸ் மென்பொருள் திட்டத்துக்குள் எழுதும் உரிமையை எடுத்துக்கொண்டார். வந்ததையெல்லாம் கேள்வி கேட்காமல் உள்ளே விட்டதுதான் அங்கே நடந்த பிழை.

ஆகவே நடுவில் ஒரு மாற்றி வேண்டும். என் மாற்றி இலக்கத்தின் இடைவெளியை நீக்கியது. முன்னால் 19 சேர்த்து, தொடர் எண்ணுக்கு முன் ஒரு பூச்சியம் செருகி, கடைசி எழுத்தை எறிந்து, 2016இல் வந்த 12 இலக்க வடிவத்துக்குக் கொண்டுவந்தது. இதைச் செய்யாவிட்டால் பழைய அட்டையோடு ஒருதரமும் புது அட்டையோடு ஒருதரமும் வரும் ஒரே ஆள் சங்கத்தில் இரண்டு அங்கத்தவராகிவிடுவார். இதுவரைக்கும் சரி. பிறகு 692இலிருந்து 500ஐக் கழித்து, 1985இன் 192ஆவது நாளைத் தா என்று ஜாவாவைக் கேட்டது. ஜாவாவுக்குத் திணைக்களத்தின் பெப்ரவரி எப்படித் தெரியும்? யூலை 11 என்றது. அதுவே பதிவானது.

சோதிக்கும்போது நான் என்னுடைய அட்டையைப் போட்டு டேற்றாபேஸில் பார்த்தேன். நான் 1988, லீப் ஆண்டு, பிசகே இல்லை. அக்கா தன்னுடையதைப் போட்டுத் திரையில் பார்த்தார். யூலை 10. இரண்டு பேருக்கும் திருப்தி.

பதினொன்று எப்படித் திரையில் பத்தானது? திரும்பி வரும் வழியில் இன்னொரு பை. அதில் நான் திகதியைக் கிரீன்விச் நேரத்தோடு வைத்திருந்தேன். இலங்கையில் யூலை 11 நள்ளிரவு என்றால் கிரீன்விச்சில் யூலை 10 மாலை 6.30. திரை முதல் பத்து எழுத்தை மட்டும் வெட்டி எடுத்தது. ஒரு பிழை ஒரு நாள் கூட்டியது, மற்றது ஒரு நாள் குறைத்தது.

சங்கம் அங்கத்தவர் புத்தகம் அச்சடித்தபோதுதான் பிடிபட்டது. அச்சுக்கு டேற்றாபேஸிலிருந்து நேரடியாக எடுத்திருந்தோம். “தம்பி, நான் பத்தாந் திகதி பிறந்தனான். பதினொண்டு எண்டு போட்டிருக்கிறியள்” என்று அக்கா அழைத்தார். பெப்ரவரியைத் திருத்தினேன். அன்று பின்னேரம் மறுபடி அழைத்தார்: “இப்ப ஒன்பது எண்டு காட்டுது.”

நேரத்தைத் திகதியோடு கட்டி அனுப்பியது இங்கே கூடுதல் மடத்தனம். 1996இல் இலங்கை கடிகாரத்தை முன்னே தள்ளியது. 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரை மணிக்குத் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னிப் பகுதி அந்த மாற்றத்தை ஏற்கவேயில்லை. ஓமந்தையைத் தாண்டினால் அரை மணித்தியாலம் பின்னால். அந்த ஆண்டுகளில் கிளிநொச்சியில் நள்ளிரவை ஒட்டிப் பிறந்த பிள்ளைக்கு எந்தத் திகதி என்று ‘கொழும்பு’ என்ற ஒரே பெயரோடு இருக்கும் கணினி நேரப் பட்டியலைக் கேட்டுப் பயனில்லை.

இப்போது பையில் நேரம் இல்லை. ஆண்டு, மாதம், நாள் என்று பத்து எழுத்து மட்டும். பெப்ரவரிக் கணக்கு மாற்றிக்குள் ஒரே இடத்தில் இருக்கிறது. திருத்தும்போது இன்னொன்றும் கண்டேன்: லீப் அல்லாத ஆண்டில் டிசெம்பர் 31 பிறந்தவருக்கு அட்டையில் 366 வரும். அப்படி ஒரு நாளே இல்லையென்று பழைய கோட் பதிவையே நிறுத்தியிருக்கும். யாரோ ஒருவர் முயன்று பார்த்து, பேசாமல் போயிருக்கவும் கூடும்.

“அக்கா, இப்ப பாருங்கோ.”

“பத்து எண்டு கிடக்கு. புத்தகத்தில பதினொண்டு அச்சடிச்சுக் கிடக்கே, அதை என்ன செய்யிறது?”

பேனையால் வெட்டி, பக்கத்தில் 10 என்று எழுதி, செயலாளரிடம் கையொப்பம் வாங்கச் சொன்னேன்.