பூகோளமும் பெண்மணிகளும்

உலகத்தின் எந்த மூலையையும் அளந்து படம் வரையத் தயங்காத லண்டன் ராயல் பூகோள சங்கம், 1830-இல் ஸ்தாபிக்கப்பெற்றதிலிருந்து அறுபது வருஷங்களுக்குமேல் பெண்ணொருத்தியையும் அங்கத்தினராக ஏற்கவில்லை. ஸ்காட்லாந்து பூகோள சங்கமோ தொடக்கமுதலே பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. அந்த வெட்கத்தினாலோ என்னவோ, ராக்கி மலைகளிலும் ஜப்பானிலும் பாரசீகத்திலும் சஞ்சரித்து நூல்கள் எழுதிய இஸபெல்லா பேர்டு அம்மையாரையும் வேறு சிலரையும் 1892-இல் லண்டன் நிர்வாக சபையார் தேர்ந்தெடுத்தனர். கடற்படைத் தளபதிகள் சிலர் கொதித்தெழுந்தனர். மறு வருஷம் கூடிய பொதுக்கூட்டம் இனிப் பெண்களே வேண்டாமென்று தடுத்துவிட்டது. அதற்குள் நுழைந்துவிட்ட 22 பேர்மட்டும் தப்பினர். பெண்களின் சுபாவமும் பயிற்சியும் தேசாந்தர ஆராய்ச்சிக்கு உதவா என்று ‘டைம்ஸ்’ பத்திரிகைக்கு எழுதினார், பின்னாளில் நம் நாட்டுக்கு வைசிராயாக வந்த கர்ஸன். அவரே சங்கத் தலைவராயிருந்த 1913-இல்தான் தடை நீங்கிற்று!

அங்கத்தினர் பதவி கிடைத்ததே தவிர, சாஸ்திரத்துக்குள் பெண்ணின் வாழ்வு பிரவேசிக்க மேலும் அறுபது வருஷங்களுக்குமேல் ஆயின. மானிடப் பூகோளம் மானிடரில் பாதிப்பேரை விலக்குவது அறிவுக்கே குறை என்று 1982-இல் பூகோள ஆராய்ச்சியாளர்களான ஜானிஸ் மங்க், சூஸன் ஹான்ஸன் இருவரும் வாதித்தனர். ஹான்ஸன் பின்னர் ஜெரால்டின் பிராட்டுடன் அமெரிக்காவின் வூஸ்டர் நகரத்துக் குடும்பங்களை விசாரித்தபோது, பெண்கள் ஆண்களைவிட வீட்டுக்கு அருகிலேயே வேலை பார்ப்பது தெரியவந்தது. குழந்தையும் அடுப்பும் அவர்களை அவ்வட்டத்துக்குள் இருத்தியிருக்க, அதை நன்கறிந்த முதலாளிகளில் சிலர் அந்த வீடுகளின் பக்கத்திலேயே தொழிலை அமைத்துக்கொண்டிருந்தனர். இத்தகைய நுட்பம் எந்தத் தேசப்படத்தில் தென்படும்?

பெண்களும் பூகோளமும் பற்றிய பிரிட்டிஷ் ஆராய்ச்சிக் குழு 1984-இல் பெண்ணியப் பூகோளம் என்னும் இத்துறைக்கு ஓர் அறிமுக நூல் வெளியிட்டது. எனினும் விவகாரம் ஓயவில்லை. டேவிட் ஸ்டாடர்ட் 1986-இல் எழுதிய பூகோள சரித்திரத்தில் பேர்டு போன்ற யாத்திரிகைகளுக்கு இடமில்லாததை மோனா டோமோஷ் 1991-இல் கண்டித்தார். அப்படியொரு பெண்ணிய சரித்திரம் அவசியந்தானா என்று அவ்வாண்டிலேயே ஸ்டாடர்ட் திருப்பிக் கேட்டார். பண்டிதர்களின் இந்தச் சச்சரவு எனக்கு ஒரு நன்னிமித்தமாகவே தோன்றுகிறது. புறக்கணிக்கப்பட்ட பொருளைப் பற்றி எவரும் மறுப்புரை எழுதுவதில்லை. 1993-இல் கில்லியன் ரோஸ், இயற்கைக் காட்சியை எட்ட நின்று நோக்கி அனுபவிக்கும் பூகோள ஆராய்ச்சியாளனின் பார்வையிலேயே ஆண்மைப் பெருமிதம் ஊறியிருப்பதை ஒரு முழு நூலில் எடுத்துக்காட்டினார். மறு வருஷம் இத்துறைக்கென்றே ஒரு தனிச் சஞ்சிகை தோன்றிற்று.