பன்தள நிரலகப் பொதியாக்கப் பிழைகள்

ஒரு நிரலகத்தை (லைப்ரரி) விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் நிறுவத்தக்க பொதியாகக் கட்டும்போது எழும் பிழைகள் பொதியாக்கப் பிழைகள் எனப்படும். நிரலின் தர்க்கத்தில் தவறு இருக்காது. எழுதியவரின் கணினியில் எல்லாம் ஓடும். அடுத்தவர் நிறுவும்போதுதான் உடையும். பைத்தான் மொழியில் முத்தையா அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் போன்ற தமிழ் நிரலகங்களைக் கட்டுவோருக்கு, பொதுவான சிக்கல்களோடு எழுத்துக் குறியாக்கம் என்ற தனிச் சிக்கலும் உண்டு.

புள்ளியில் இடறும் விண்டோஸ்

யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள். மெய்யெழுத்தின் புள்ளிக்கு உரியவை 224, 175, 141. இந்தியாவில் விற்கும் விண்டோஸ் கணினிகளில் இயல்பாக அமைந்திருப்பது 1252 என்ற பழைய மேற்கு ஐரோப்பியக் குறிப்பக்கம். அதில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலி. பொதியைக் கட்டும் செட்டப் கோப்பு, குறியாக்கம் எதுவென்று சொல்லாமல் ரீட்மீ கோப்பைத் திறந்தால், விண்டோஸ் அதை 1252 என்றே எடுத்துக்கொள்ளும். கோப்பு ‘தமிழ்’ என்ற சொல்லோடு தொடங்கினால் முதல் நான்கு குறிகளும் (த, ம, இகரக் குறி, ழ) குப்பை எழுத்தாக மாறிக் கடந்துவிடும். புள்ளியின் கடைசி பைட்டில் வாசிப்பு நின்றுவிடும். 14ஆம் இடத்தில் 8டி என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை என்று பிழைச் செய்தி வரும். 8டி என்பது 141இன் பதினறும வடிவம். இடத்தைப் பூச்சியத்திலிருந்து எண்ணுவதால் பதினைந்தாவது பைட்டுக்கு 14.

உகரக் குறி 129இலும், ஏ 143இலும், ஐ 144இலும் முடிவதால் இவையும் இதே பள்ளத்தில் விழும். ‘மலை’ என்று மட்டும் எழுதிய கோப்போ எந்தப் பிழையும் காட்டாமல் குப்பையாக உள்ளே போய்விடும். அதைவிட, சத்தம் போட்டு நிற்கும் புள்ளியே மேல்.

இது தமிழோடு நிற்பதில்லை. இந்திய எழுத்துகளுக்கு யூனிகோட் ஒரே வரிசையமைப்பைத் தந்திருப்பதால் மலையாளச் சந்திரக்கலையும் 141இலேயே முடிகிறது. பாலக்காடு மாவட்டத்தின் எருத்தேன்பதி போல இரு மொழியும் புழங்கும் எல்லை ஊர்களுக்காக ஒரு சொற்பட்டியல் நிரலகம் கட்டினால், இரண்டு மொழிக் கோப்புகளும் ஒரே பைட்டில் உடையும்.

தீர்வு ஒரே வரி: கோப்பைத் திறக்கும் இடமெல்லாம் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று எழுதிவிட வேண்டும். பைத்தான் 3.15 பதிப்பிலிருந்து அதுவே இயல்பாகும் என்று முடிவாகியிருக்கிறது. பழைய பதிப்புகளை வைத்திருப்போருக்கு அந்த வரி தேவைதான்.

கோப்புப் பெயர்கள்

‘சொல்’ என்று ஒரு தரவுக் கோப்புக்குப் பெயர் வைத்தால் இன்னொரு தொல்லை. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மேக் கணினியின் பழைய கோப்பு முறைமை பெயரைப் பிரித்தே சேமித்தது. அங்கே கட்டிய பொதியை லினக்ஸில் விரித்தால், கோப்பு கண்முன் இருந்தும் நிரலுக்குக் கிடைக்காது. தரவுக் கோப்புகளின் பெயரையாவது ரோமன் எழுத்தில், அதுவும் சிறிய எழுத்தில் மட்டும் வைப்பது நல்லது. பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸும் மேக்கும் இயல்பாகப் பொருட்படுத்துவதில்லை, லினக்ஸ் விடாது.

விடுபடும் தரவு

அகராதி, சொற்பட்டியல் முதலியவை பொதியில் ஏறாமல் போவது மிகப் பரவலான பிழை. மூலப் பொதிக்கும், வீல் எனப்படும் ஆயத்தப் பொதிக்கும் கோப்புகளைச் சேர்க்கும் வழிகள் முழுதும் ஒன்றல்ல. ஒன்றில் ஏறியது மற்றொன்றில் விடுபடலாம். எழுதியவருக்கு இது தெரிவதே இல்லை. அவர் சோதிப்பது மூலக் கோப்புறைக்குள் இருந்து. அப்போது பைத்தான், நிறுவிய பொதியை விட்டுவிட்டு அருகிலிருக்கும் கோப்புறையையே எடுத்துக்கொள்ளும். வீல் கோப்பு உண்மையில் ஒரு ஜிப். அதை விரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, வெறும் கோப்புறை ஒன்றுக்குப் போய்ப் புதிய மெய்நிகர் சூழலில் நிறுவிப் பார்த்தால் விடுபட்டது தெரிந்துவிடும்.

நிறுவும் பெயரும் அழைக்கும் பெயரும் வேறாக இருப்பதும் குழப்பும். ஓப்பன்-தமிழ் என்று நிறுவி, நிரலில் ‘தமிழ்’ என்று அழைக்க வேண்டும். நிறுவிய பெயரிலேயே அழைத்துவிட்டுப் பொதி உடைந்திருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு.

சி மொழிப் பகுதிகள்

நிரலகத்தில் சி மொழிப் பகுதி இருந்தால் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி வீல் வேண்டும். புதிய லினக்ஸில் கட்டியது பழைய லினக்ஸில் ஓடாமல் போகலாம். அடிப்படை சி நிரலகமான ஜிலிப்சியின் பதிப்பே காரணம். இதற்காக 2016இல் மெனிலினக்ஸ் என்ற பொது அளவு வகுக்கப்பட்டது. அதன் 2014 வகை, ஜிலிப்சி 2.17ஐ அடித்தளமாகக் கொள்கிறது. மேக்கில் 2020இல் ஆப்பிள் தன் சொந்தச் சில்லுக்கு மாறியதிலிருந்து, இன்டெல்லுக்கும் அதற்கும் சேர்த்தோ தனித்தனியாகவோ கட்ட வேண்டியிருக்கிறது.

கட்டிய பொதியை வெளியிடும் இடத்திலும் கவனம் வேண்டும். பைத்தான் பொதிகளுக்கான பைப்பிஐ களஞ்சியத்தில் ஏற்றிய கோப்பை நீக்கினாலும் அதே பெயரில் மீண்டும் ஏற்ற முடியாது. ஏற்றிய பின் பிழை கண்டால் பதிப்பு எண்ணைக் கூட்டியே தீர வேண்டும். அதற்காகவே முதலில் டெஸ்ட்பைப்பிஐ என்ற ஒத்திகைக் களஞ்சியத்தில் ஏற்றிப் பார்ப்பது வழக்கம்.