4 நொடி ஓடுற காரை 4 வாரம் கட்டலாமா? டிராக் ரேஸ் மாடல் கார் A to Z... இல்லை, ‘அ’ முதல் ‘ஃ’ வரை!

பச்சை விளக்கு எரிந்ததும் பாய்ந்து, 4 நொடிக்குள் 305 மீட்டரைக் கடந்து, மணிக்கு 530 கி.மீ. வேகத்தைத் தாண்டிவிடும் ‘டாப் ஃபியூவல் டிராக்ஸ்டர்’. அதே காரை 25-ல் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக்கில் கட்டி, பெயின்ட் அடித்து, டேபிளில் நிறுத்த மூணு, நாலு வாரம் ஆகும். அவ்வளவு வேகமான காருக்கு இவ்வளவு நிதானமான ஒரு ஹாபி!

முதன்முறை கிட் வாங்குபவர்கள் பெரும்பாலும் பெட்டி மேலே இருக்கிற படத்தைப் பார்த்து அப்படியே ஒட்டத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு முன் ஒரு சின்ன வேலை இருக்கு. பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு பார்ட்டும் நிஜக் காரில் எதுக்கு இருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க. அது தெரிஞ்சா எது பளபளக்கணும், எது மங்கலா இருக்கணும், எதுல கரி படியணும்னு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

டிராக் ரேஸ்னா என்ன?

நேரான பாதை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கார்கள். முதலில் எல்லையைத் தொடுகிற கார் ஜெயிக்கும். அவ்வளவுதான் விதி. அமெரிக்காவில் தெருக்களிலும் கைவிடப்பட்ட விமான ஓடுபாதைகளிலும் நடந்துகொண்டிருந்த இந்தப் போட்டியை ஒழுங்குபடுத்த, 1951-ல் வாலி பார்க்ஸ் ‘என்.ஹெச்.ஆர்.ஏ’ அமைப்பைத் தொடங்கினார். ஓட வேண்டிய தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். 2008-ல் ஸ்காட் கலிட்டா என்ற வீரர் தகுதிச் சுற்றில் இறந்த பிறகு, அதிவேகமான இரண்டு பிரிவுகளுக்கு மட்டும் தூரத்தை 1,000 அடியாக, அதாவது 305 மீட்டராகக் குறைத்தார்கள்.

இந்த விளையாட்டில் பல மாற்றங்கள் இப்படி ஒரு விபத்துக்குப் பிறகுதான் வந்திருக்கு. உங்க கையில் இருக்கும் கிட்டிலும் அதன் அடையாளம் இருக்கும்.

எந்தக் காரைக் கட்டலாம்?

கேஸர்: 1950, 60-களின் பழைய கார்கள். 1941 மாடல் வில்லிஸ் கார்தான் இதில் சூப்பர் ஸ்டார். முன்பக்கம் தூக்கி நிற்கும். ஸ்டைலுக்காக இல்லைங்க. கிளம்பும்போது எடை பின்சக்கரத்துக்குப் போனால்தான் பிடிமானம் கிடைக்கும். அதனால் மாடல் கட்டும்போது முன்பக்க உயரத்தை ‘அழகா இல்லையே’ன்னு குறைச்சுடாதீங்க.

டிராக்ஸ்டர்: ஒல்லியான, நீளமான ரயில் மாதிரி இருக்கும். 1970 வரை இதில் டிரைவர் எஞ்சினுக்குப் பின்னால்தான் உட்கார்ந்தார். அந்த வருஷம் மார்ச் மாதம் கலிஃபோர்னியாவில் ‘பிக் டாடி’ டான் கார்லிட்ஸின் காரில், கால்களுக்கு நடுவே இருந்த டிரான்ஸ்மிஷன் வெடித்தது. வலது பாதத்தின் ஒரு பகுதி போய்விட்டது. அதன் பிறகு எஞ்சினைத் தனக்குப் பின்னால் வைத்து ஒரு காரை வடிவமைத்தார். 1971-ல் அந்தக் காரில் ஜெயிக்கவும் செய்தார். சில வருஷங்களிலேயே மற்றவர்களும் அதே வழிக்கு வந்தார்கள். முன் எஞ்சின், பின் எஞ்சின் இரண்டு வகை கிட்டும் கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், நடுவில் ஒரு மனிதரின் பாதம் இருப்பது உங்களுக்குத் தெரியும்.

ஃபன்னி கார்: வெளியே பார்த்தால் ஷோரூம் கார் மாதிரி. ஆனால் கதவு திறக்காது, மொத்த பாடியும் ஒரே ஃபைபர் கூடு. அதைத் தூக்கினால் உள்ளே ரேஸ் காரின் எலும்புக்கூடு. 1960-களின் நடுவில் பிடிமானத்துக்காகச் சக்கரங்களை முன்னால் நகர்த்தினார்கள். பார்க்கக் கோணலாக இருந்ததால் ‘ஃபன்னி’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

புரோ ஸ்டாக்: 1970-ல் தனிப் பிரிவாக வந்தது. தெருவில் ஓடும் காருக்கு மிக நெருக்கமான தோற்றம்.

முதல் கிட்டுக்கு ஃபன்னி கார் நல்ல தேர்வு. பாடியைத் தனியாக, சேஸியைத் தனியாக முடிக்கலாம். எஞ்சின் கொஞ்சம் சொதப்பினாலும் பாடியை மூடிட்டா யாருக்கும் தெரியாது!

பாம்பும் கீரியும்

ஃபன்னி கார்னு சொன்னா இரண்டு பேரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ‘ஸ்நேக்’ டான் புருதோம், ‘மங்கூஸ்’ டாம் மெக்யூவன். 1970-ல் ‘ஹாட் வீல்ஸ்’ பொம்மைக் கார்களைத் தயாரிக்கும் மேட்டல் நிறுவனம் இருவருக்கும் ஸ்பான்ஸர் செய்தது. பாம்புக்கு மஞ்சள் பிளைமவுத் பாராகுடா, கீரிக்குச் சிவப்பு பிளைமவுத் டஸ்டர். பொம்மைக் கம்பெனியின் பணத்தில் நிஜக் கார்கள் ஓட, அந்தக் கார்களின் பொம்மைகள் கடைகளில் விற்றன.

இன்னொரு பெயர், ஷெர்லி மல்டௌனி. டாப் ஃபியூவல் ஓட்ட என்.ஹெச்.ஆர்.ஏ உரிமம் பெற்ற முதல் பெண். 1977, 1980, 1982 என மூன்று முறை சாம்பியன். அவருடைய அடையாளமே பிங்க் கலர் கார். ஆண்கள் மட்டுமே ஆண்ட களத்தில் அந்த நிறம் ஒரு பதிலடி. இப்படி ஒரு காரைக் கட்டும்போது ‘கிட்டத்தட்ட பிங்க்’ போதாது. பழைய கலர் போட்டோக்களைத் தேடி, வெயிலில் எடுத்தது, நிழலில் எடுத்தது இரண்டையும் ஒப்பிட்டு நிறத்தை முடிவு பண்ணுங்க.

அளவும் கருவிகளும்

அமெரிக்க கார் கிட்கள் பெரும்பாலும் 1/24 அல்லது 1/25 அளவில் வரும். ஏ.எம்.டி, எம்.பி.சி, ரெவல், மோனோகிராம் ஆகியவை இந்த உலகின் பழைய பெயர்கள். 1/25 அளவில் 5 மீட்டர் கார் 20 சென்டிமீட்டர் ஆகும். இன்றைய டிராக்ஸ்டரின் முன், பின் அச்சுகளுக்கு இடையே 7.62 மீட்டர். மாடலில் 30 சென்டிமீட்டருக்கு மேல்! ஷெல்ஃபை அளந்துட்டு வாங்குங்க.

ஆரம்பிக்க இவை போதும்:

* பார்ட்களைச் சட்டத்திலிருந்து வெட்ட ஒரு நிப்பர்
* கூர்மையான ஹாபி கத்தி
* 400, 600, 1000, 2000 நம்பர் உப்புத்தாள்
* பிளாஸ்டிக்குக்கான திரவப் பசை
* மாஸ்கிங் டேப், நுனி மெல்லிய பிரஷ், டிவீசர்
* பிரைமர், கலர், கிளியர் ஸ்பிரே டப்பாக்கள்

திரவப் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான் ஒட்டும். ஒரு துளி போதும். குரோம் பூச்சுள்ள பார்ட் என்றால், ஒட்டும் இடத்தில் மட்டும் பூச்சைச் சுரண்டி எடுக்கணும். இல்லைன்னா ஒட்டாது. கண்ணாடிக்கு சூப்பர் க்ளூ வேண்டவே வேண்டாம், பனி மூட்டம் மாதிரி வெள்ளையாகிடும். வெள்ளை ஃபெவிகால் வைங்க, காய்ந்தால் தெரியாது.

பாடி பெயின்ட்: அவசரம் கூடாது

ஸ்டெப் 1: பார்ட்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்கவும். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை போகணும்.

ஸ்டெப் 2: ஒட்டாமல், டேப் போட்டு மொத்தக் காரையும் ஒருமுறை சேர்த்துப் பாருங்க. ஃபன்னி காரில் இது ரொம்ப முக்கியம். பாடி சேஸி மேல் உட்காருதா, டயர் இடிக்குதா என்பதைப் பெயின்டுக்கு முன்பே கண்டுபிடிக்கணும்.

ஸ்டெப் 3: பாடி மேல் மெல்லிய அச்சுக்கோடு ஓடும். 400, பிறகு 600 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து எடுங்க. கதவுக் கோடுகளைக் கத்தியின் பின்பக்கத்தால் லேசாக ஆழப்படுத்துங்க. இல்லைன்னா பெயின்ட் நிரம்பிக் கோடே காணாமல் போகும்.

ஸ்டெப் 4: பிரைமர். சிவப்பு பிளாஸ்டிக்கில் வார்த்த கிட் என்றால் கவனம். அந்தச் சிவப்பு வெளிர் நிறங்களுக்குள் ஊறி மேலே வரலாம்.

ஸ்டெப் 5: ஸ்பிரே டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் வைத்து, நன்றாகக் குலுக்குங்க. அடுப்பு, கொதிநீர் பக்கமே போகக் கூடாது, டப்பா வெடிக்கும். 20 முதல் 25 செ.மீ. தூரத்திலிருந்து, காருக்கு வெளியே தொடங்கி, காருக்கு வெளியே முடிங்க. முதல் இரண்டு கோட் பனித்தூறல் போல. அடுத்தது கொஞ்சம் ஈரமாக.

மாடலில் 0.1 மி.மீ. கனத்துக்குப் பெயின்ட் ஏறினால், நிஜக் காரில் 2.5 மி.மீ. கனத்துக்கு அடித்த மாதிரி. மெல்லிய கோட்களை ஏன் வலியுறுத்துறோம்னு இப்போ புரியுதா?

1970-களின் ஃபன்னி கார்களில் பிரபலமான ‘கேண்டி’ கலர் வேண்டுமா? முதலில் சில்வர் அல்லது கோல்டு. அதன் மேல் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் சிவப்பு அல்லது நீலம். ஒவ்வொரு கோட்டிலும் நிறம் ஆழமாகும். ஒரு பக்கம் 3 கோட், மறுபக்கம் 4 கோட் ஆனால் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். எண்ணிக்கொண்டே அடிங்க.

ஒரு விதியை மறக்காதீங்க: லேக்கர் மேல் எனாமல் அடிக்கலாம். எனாமல் மேல் லேக்கர் அடித்தால் சுருங்கிப்போகும். ஹார்டுவேர் கடை ஸ்பிரே சில சமயம் பிளாஸ்டிக்கையே அரிக்கும். மிச்சமிருக்கும் சட்டத் துண்டில் அடித்துப் பார்த்துட்டு, அப்புறம் பாடிக்கு வாங்க.

காய்ந்ததா என்று தொட்டுப் பார்க்காதீங்க, மோந்து பாருங்க. பெயின்ட் வாசனை வந்தால் இன்னும் காயவில்லை. லேக்கர் ஒரு நாளில் தயாராகலாம், எனாமலுக்கு ஒரு வாரம்கூட ஆகும். மழை நாளில், கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் லேக்கர் அடித்தால் வெண்படலம் படியும். வெயில் நாள் வரை காத்திருங்க.

டீக்கல்: கார் பேசுகிற இடம்

வீரரின் பெயர், ஸ்பான்ஸர், நம்பர் எல்லாம் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் டீக்கலாக வரும். பளபளப்பான பரப்பில்தான் இது சரியாக ஒட்டும். மங்கலான பரப்பில் அடியில் காற்று மாட்டி வெள்ளியாக மின்னும். வளைவுகளில் படிய வைக்க, டீக்கலை இளக்கும் திரவத்தைத் தடவுங்க. முதலில் சுருங்கும், பயந்து கை வைக்காதீங்க. காயும்போது தானே படியும். பழைய கிட் என்றால் டீக்கல் நொறுங்கலாம். ஷீட் மேல் மெல்லிய கிளியர் அடித்துக் காயவைத்து, ஒவ்வொன்றாக வெட்டிப் பயன்படுத்துங்க.

கடைசியாகப் பாடி மேல் கிளியர் கோட். முதல் கோட் மிக மெல்லியதாக இருக்கட்டும். கனமாக அடித்தால் டீக்கலையே கரைத்துவிடலாம். நன்றாகக் காய்ந்த பிறகு 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்து, பாலிஷ் போடுங்க. ஓரங்களை மட்டும் தொடாதீங்க, அங்கே பெயின்ட் மெல்லிசு.

எஞ்சினுக்கு அழுக்கும் அழகு

பாடி கண்ணாடி போல இருக்கலாம். எஞ்சின் அப்படி இருந்தால் ஓடாத கார் என்று அர்த்தம்! எரிபொருள் நைட்ரோமீத்தேன். எரியாமல் வரும் மிச்சம் வெளிக்காற்றில் பற்றிக்கொள்வதால்தான் புகைக்குழாயில் நெருப்பு தெரிகிறது. எனவே குழாய் நுனியில் லேசான கறுப்பு, அதற்குக் கீழே வெப்பத்தால் வந்த நீலமும் பழுப்பும். பிரஷ்ஷில் பெயின்டைத் துடைத்துவிட்டு, கிட்டத்தட்ட காய்ந்த பிரஷ்ஷால் தடவினால் போதும்.

ஸ்பார்க் பிளக் ஒயர் கிட்டில் பெரும்பாலும் இருக்காது. நிஜ ஒயர் 8 மி.மீ. என்றால் மாடலில் 0.3 மி.மீ. பழுதான இயர்போன் ஒயரைப் பிரித்தால் அதற்குத் தோதான இழை கிடைக்கும். இன்றைய நைட்ரோ எஞ்சினில் சிலிண்டருக்கு 2 பிளக் வீதம் 16 ஒயர். பழைய காரில் 8 மட்டும் இருக்கலாம், போட்டோ பார்த்து முடிவு செய்யுங்க.

பின்டயர்களில் கோடே இருக்காது. தரையில் படும் பகுதியை மட்டும் 400 நம்பர் தாளால் தேய்த்தால், புகை கிளப்பிச் சூடேறிய டயர் ரெடி. பழைய கிட்களின் மென்மையான வினைல் டயர்கள் பிளாஸ்டிக்கோடு ஒட்டி உருக்கிவிடும். பெட்டியில் தனிக் கவரில் வைங்க. பின்னால் இருக்கும் பாராசூட் பையும் சீட் பெல்ட்டும் துணி. அவற்றுக்கு மங்கலான பெயின்ட்தான். பிரேக்கை மட்டும் நம்பி நிறுத்த முடியாத வேகத்தில் டிரைவரைக் காப்பாற்றும் பொருட்கள் இவை, பளபளப்பு கொடுத்து பிளாஸ்டிக் ஆக்கிடாதீங்க.

உங்க நுரையீரலும் முக்கியம்

பூட்டிய பெட்ரூமில் ஸ்பிரே அடிக்கவே கூடாது. மொட்டை மாடி, திறந்த பால்கனி நல்லது. சாதாரண முகக்கவசமும் என்-95-ம் தூசியைத் தடுக்கும், பெயின்ட் ஆவியைத் தடுக்காது. ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வாங்குங்க. பக்கத்தில் விளக்கு, கொசுவத்தி, அடுப்பு எதுவும் எரியக் கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் கத்தியும் பசையும் பூட்டு போட்ட பெட்டியில் இருக்கட்டும்.

முதல் கார் எப்படி இருக்கும்?

எங்கேயோ ஒரு கைரேகை, ஓரத்தில் ஒரு சொட்டுப் பெயின்ட், கொஞ்சம் சாய்ந்த டீக்கல் இருக்கத்தான் செய்யும். அதைத் தூக்கிப் போடாதீங்க. அடுத்த காரில் புதுக் கலரை இதன் மேல் அடித்துச் சோதிக்கலாம். உங்க ஷெல்ஃபைப் பார்த்து யாராவது ‘எஞ்சின் ஏன் பின்னாடி இருக்கு?’ன்னு கேட்டா, கார்லிட்ஸின் பாதத்தைப் பற்றிச் சொல்லுங்க. அந்தக் கேள்விக்கு உங்களால் பதில் சொல்ல முடிஞ்சா, நீங்க நிஜமாகவே ஒரு டிராக் காரைக் கட்டிட்டீங்க.