தோட்டாக் கூட்டின் வரலாறு

துப்பாக்கியில் ஒரு தோட்டாவைச் சுட்டு முடித்து, அடுத்ததை இடுவதற்குள் கழியும் காலம் சில விநாடிகளே. ஆயினும், படைவல்லுநரைப் பல்லாண்டுகள் சொற்போரிட வைத்தது அச்சிறு இடைவெளியே ஆகும். பல தோட்டாக்களை ஒருங்கே அடக்கி, ஒன்றன்பின் ஒன்றாகக் குழலுக்கு ஊட்டும் கூட்டினை ‘மாகசின்’ என்பர். அக்கூட்டில் எத்தனை தோட்டா இருத்தல் தகும்? மிகுதி வலிமையைத் தருமா, விரயத்தைத் தருமா? இவ்வினாவின் வரலாறு ஆராயத்தக்கது.

ரிப்ளியின் மறுப்பு

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது, போர்வீரரில் பெரும்பாலோர் குழல்வாய் வழியாக மருந்திட்டு, நிமிடத்திற்கு இரண்டு மூன்று முறை சுடும் துப்பாக்கிகளையே ஏந்தினர். அதற்கு முந்திய ஆண்டிலேயே கிறிஸ்டபர் ஸ்பென்சர் என்பார், துப்பாக்கியின் அடிக்கட்டைக்குள் 7 தோட்டாக்களை அடக்கும் ரைபிளுக்கு உரிமை பெற்றிருந்தார். ஆனால், படைக்கலத் துறைத் தலைவரான ஜேம்ஸ் ரிப்ளி அதனை விரும்பினாரில்லை. அதன் எடை மிகுதி. விலை ஏறத்தாழ இரு மடங்கு. அதற்கெனத் தனித் தோட்டா வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, வீரர்கள் குறி பாராமல் சுட்டுத் தோட்டாவை வீணாக்குவர் என்பன அவர்தம் காரணங்கள்.

ரிப்ளியைப் பழமைவாதி என்று எள்ளி நகையாடுவோர் உளர். ஆயின், அவர் கூறியவை முற்றும் பொய்யல்ல. சாதாரணத் துப்பாக்கிகளுக்கே பற்றாக்குறை நிலவிய காலம் அது. படைக்குப் படை வெவ்வேறு தோட்டா அனுப்ப வேண்டுமெனில், வழங்கல் முறையே குலைந்துவிடும். எனினும், களத்தில் நின்றோர் கருத்து வேறாக இருந்தது. வைல்டர் என்னும் தளபதியின் படைப்பிரிவினர் தம் சம்பளத்தை ஈடுவைத்தேனும் ஸ்பென்சரைப் பெற முன்வந்தனர். 1863 ஜூனில் ஹூவர்ஸ் கணவாயில் அதன் பயனையும் கண்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் அதிபர் லிங்கன் தாமே ஸ்பென்சரைச் சுட்டுப் பார்த்தார். அடுத்த மாதம் ரிப்ளி ஓய்வு பெற்றார். ஆனால் அவர் வாதம் ஓய்வு பெறவில்லை. போர் முடிந்தபின், 1873இல், அமெரிக்கப் படை ஒற்றைத் தோட்டா ஸ்பிரிங்பீல்டையே தேர்ந்தெடுத்தது!

பிளெவ்னா தந்த பாடம்

1877இல் ருசியருக்கும் துருக்கியருக்கும் போர் மூண்டது. பல்கேரியாவிலுள்ள பிளெவ்னாவில் உஸ்மான் பாஷாவின் படை பதுங்குகுழிகளை வெட்டிக்கொண்டு நின்றது. தொலைவிற்கு ஒற்றைத் தோட்டா பீபாடி-மார்ட்டினி, பகைவர் நெருங்கிவிட்டால் பல தோட்டா வின்செஸ்டர் என இருவகை ரைபிள்கள் அங்கே பயன்பட்டன. தோட்டாவும் குறைவின்றி இருந்தது. ஜூலையில் இருமுறையும் செப்டம்பரில் ஒருமுறையும் மோதிய ருசியர், பேரிழப்புடன் பின்வாங்கினர். முற்றுகையிட்டு உணவை அறுத்த பின்னரே, டிசம்பர் 10இல் பிளெவ்னா வீழ்ந்தது.

தோட்டாக் கூடே வெற்றி தந்தது என்று ஐரோப்பிய நாடுகள் முடிவு கட்டின. ஜெர்மனி 1884இலும் பிரான்சு 1886இலும் 8 தோட்டா கொள்ளும் குழாய்க் கூடுகளை ஏற்றன. ஆனால் தொலைவிலேயே ருசியரைச் சிதறடித்தது ஒற்றைத் தோட்டா ரைபிள் என்பதையும், குழியும் தோட்டா வழங்கலும் இன்றேல் வின்செஸ்டர் வெறுங்குழாயே என்பதையும் பலர் எண்ணிப் பார்க்கவில்லை.

ஐந்து பத்தை வென்றது

குழாய்க் கூட்டில் ஒவ்வொன்றாகவே தோட்டா நிரப்ப வேண்டும். சுடச்சுட ரைபிளின் எடைச் சமனும் மாறும். ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ, 1879இல் ரைபிளின் அடியில் பொருத்தும் பெட்டிக் கூட்டுக்கு உரிமை பெற்றார். அதனைத் தழுவி எழுந்த பிரிட்டனின் லீ-மெட்போர்டு, 1888இல் 8 தோட்டாவும் 1892இல் 10 தோட்டாவும் கொண்டது. ஆயினும் விரய அச்சம் நீங்கவில்லை. கூட்டை அடைத்துவைக்கும் தகடு ஒன்றையும் அதில் பொருத்தினர். வழக்கமாக ஒவ்வொரு தோட்டாவாக இட்டுச் சுட வேண்டும். நெருக்கடி வேளையில் மட்டுமே தகட்டை விலக்கிக் கூட்டினைப் பயன்படுத்த வேண்டும் என்பது விதி.

1899இல் தொடங்கிய போயர் போரில் இவ்விதி சோதனைக்குள்ளாயிற்று. போயர் ஏந்திய மௌசர் ரைபிளின் கூட்டில் 5 தோட்டாக்களே. ஆனால், அவ்வைந்தையும் ஒரு தகட்டுப் பிடியில் கோத்து, ஒரே அழுத்தில் உள்ளே தள்ளிவிடலாம். பத்தினை ஒவ்வொன்றாக நிரப்பியவனைவிட, ஐந்தினை நொடியில் நிரப்பியவனே விரைந்து சுட்டான். எனவே கூட்டின் கொள்ளளவினும் நிரப்பும் வேகமே முதன்மையானது என்பது தெளிவாயிற்று. 1903இல் பிரிட்டன் லீ-என்பீல்டில் அம்முறையைச் சேர்த்தது. 1914இல் மான்ஸ் களத்தில், நிமிடத்திற்கு 15 முறை குறிபார்த்துச் சுடப் பயின்ற வீரர் அதன் ஆற்றலைக் காட்டினர். 1916இல், உற்பத்தியை எளிதாக்கும் பொருட்டு, அடைப்புத் தகடே கைவிடப்பட்டது. விரய அச்சத்திற்கு மருந்து தகடன்று, பயிற்சியே.

மலாயாவின் அவசரகாலத்தில் (1948–1960) காட்டில் ரோந்து சென்ற பிரிட்டிஷ் படையினர் பலரின் குட்டை என்பீல்டும் 10 தோட்டாக் கூடு கொண்டதே.

பெரிய கூடும் அதன் குறையும்

முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளுக்கென 20 தோட்டாக் கூடுகளும் செய்யப்பட்டன, அவை பரவவில்லை. நீண்ட கூடு எடையைக் கூட்டும். படுத்துச் சுடுபவன் உடலை உயர்த்தவும் நேரும். பின்னர், சிறிய தோட்டாக்களை ஆக்கிய பிறகே, ஜெர்மானியரின் 1944ஆம் ஆண்டு ரைபிளிலும் அடுத்து வந்த கலாஷ்னிகோவிலும் 30 தோட்டாக் கூடு நிலைபெற்றது.

இன்று வாதம் போர்க்களத்தை விட்டு ஊருக்குள் வந்துள்ளது. அமெரிக்க நடுவண் சட்டம் 1994 முதல் 2004 வரை புதிய கூடுகளைப் பத்துத் தோட்டாவுக்குள் வரையறுத்தது. பலர் சூழ்ந்து தாக்கினால் பத்து போதாது என்றும், பழகியவன் கூட்டை நொடியில் மாற்றுவான் என்றும் எதிர்ப்போர் கூறுவர். முதற்கூற்றை எளிதில் தள்ள இயலாது. எனினும் 2011இல் அரிசோனாவின் டூசான் நகரில், 33 தோட்டாக் கூட்டுடன் கைத்துப்பாக்கியால் அறுவரைக் கொன்றவனை, கூடு தீர்ந்து மறுபடி நிரப்ப முயன்றபோதே அங்கிருந்தோர் மடக்கிப் பிடித்தனர். கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் மாண்டபின், 2019இல் நியூசிலாந்தும் பெருங்கூடுகளைத் தடைசெய்தது.

போர்வீரனுக்கு அவ்விடைவெளி ஆபத்து. நிராயுதபாணியான மக்களுக்கோ அதுவே உயிர் தப்பும் வாய்ப்பு. ஆதலின் களத்திற்குரிய அளவுகோலைக் கடைத்தெருவிற்கும் கொள்வது பொருந்தாது.