அக்கரை வயலில் நீல மனிதர்கள்

ஜப்பானின் நீகாத்தா மாநிலத்தில் மாட்சுதாய் என்றொரு மலையூர். ரயில் நிலையத்தை ஒட்டிய கட்டடத்தின் மாடத்தில் நின்றால், ஆற்றுக்கு அக்கரையில் படிப்படியாக இறங்கும் நெல்வயல்கள் தெரியும். அந்த வயல்களில் நீலத்திலும் மஞ்சளிலும் ஆட்கள். ஒருவர் உழுகிறார், ஒருவர் விதைக்கிறார், சிலர் குனிந்து நாற்று நடுகிறார்கள், சிலர் கதிர் அறுக்கிறார்கள். எல்லாம் தட்டையாக வெட்டி நிறுத்திய உருவங்கள். மாடத்தில் நம் கண்ணுக்கு நேரே, அந்தந்த வேலையைச் சொல்லும் வரிகள் ஒரு சட்டத்தில் தொங்குகின்றன. சரியான இடத்தில் நின்று பார்த்தால் எழுத்து வயலின்மேல் படிந்து, மலைச்சரிவே படப்புத்தகத்தின் பக்கமாகிவிடும்.

இல்யா கபகோவும் அவர் மனைவி எமிலியாவும் 2000-இல் உருவாக்கிய 'படிவயல்கள்' இது. இருவரும் சோவியத் நாட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள். அவர்களை இந்த மலைக்கு வரவழைத்தவர் ஃபிராம் கித்தாகவா என்ற கலைக் கண்காட்சி அமைப்பாளர். 1946-இல் அதே நீகாத்தாவில் பிறந்தவர்.

மாட்சுதாய் இருக்கும் எச்சிகோ-சுமாரி வட்டாரம் 760 சதுர கிலோமீட்டர். குளிர்காலத்தில் பனி இரண்டு ஆள் உயரத்துக்கு ஏறும். இளையவர்கள் பட்டணம் போய்விட்டார்கள். வீடுகளும் பள்ளிக்கூடங்களும் பூட்டிக் கிடந்தன. கலையை அந்தப் பூட்டிய வீடுகளிலும் வயல்களிலும் வைக்க வேண்டும் என்றார் கித்தாகவா. உள்ளூர் மன்றங்கள் ஒப்பவில்லை. வரிப்பணத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அவர் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பேசினார். 1999-இல் தொடங்க வேண்டிய அந்தக் கலைத் திருவிழா ஓராண்டு தள்ளிப்போனது.

அருங்காட்சியகச் சுவரில் படம் மாட்ட ஊர்க்காரர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வயலுக்கு உரிமையாளர் இருக்கிறார். கபகோவ் தேர்ந்தெடுத்த வயல்களின் சொந்தக்காரர் அடிபட்டு, இனி விவசாயம் வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தவர். ஆனாலும் முன்னோர் கையிலிருந்து வந்த நிலத்தில் யாரோ பொம்மை நடுவதற்கு அவர் மனம் இடம் கொடுக்கவில்லை. பிறகு கபகோவ் வரைந்த படங்களைப் பார்த்தார். உழவு, விதைப்பு, நடவு, அறுப்பு, விளைந்ததைச் சுமந்துபோய் விற்பது என்று தன் வாழ்நாள் பாடு அத்தனையும் அதில் இருப்பதைக் கண்டார். சம்மதித்தார். எனக்கு இந்தக் கதையின் உயிர் அந்தச் சம்மதத்தில்தான் இருக்கிறது. சிற்பம் வந்ததோடு நிற்கவில்லை. கைவிட நினைத்த வயலில் மேலும் சில ஆண்டுகள் அவர் நெல் விளைவித்தார்.

அவருக்கு முடியாமல் போனபின் திருவிழாவோடு சேர்ந்தவர்கள் அந்த வயல்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். கபகோவ் 2023-இல் காலமானார். அந்த வட்டாரத்தின் படிவயல்களில் இப்போது நாற்று நடுகிறவர்களில், 2015-இல் அங்கே தொடங்கிய மகளிர் கால்பந்து அணியின் வீராங்கனைகளும் இருக்கிறார்கள்.