இங்கிலாந்துப் பள்ளிகளில் கணினியறிவியல்: ஆசிரியர் வட்டங்களின் வரலாறு

இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தில் 2014 செப்டம்பர் முதல் 'கம்ப்யூட்டிங்' கட்டாயப் பாடமாக உள்ளது. இம்மாற்றத்தை அரசின் ஆணையாகவே பலரும் குறிப்பிடுவர். ஆனால் அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே ஊர்தோறும் கூடிய ஆசிரியர் வட்டங்கள் இதற்கான வேலையைத் தொடங்கிவிட்டன.

முதலில் பழைய கதை. கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம் தயாரித்த பி.பி.சி. மைக்ரோ கணினி 1981 டிசம்பரில் வெளிவந்தது. பள்ளிகள் அதை வாங்க அரசு பாதி விலையைக் கொடுத்தது. (இந்தியாவில் 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்திலும் பள்ளிகளுக்கு இதே கணினிதான் வந்தது.) அதை இயக்கியதும் திரையில் பேசிக் மொழி நிற்கும், கட்டளை எழுதினால்தான் வேலை நடக்கும். 1990களில் நிலை மாறியது. தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம், அதாவது ஐ.சி.டி., என்ற பெயரில் கடிதம் தட்டச்சிடுவதும் அட்டவணை நிரப்புவதும் வகுப்பை நிறைத்தன. மென்பொருளைப் பயன்படுத்தக் கற்ற மாணவருக்கு அது எவ்வாறு உருவாகிறது என்பது தெரியாமல் போயிற்று.

இதை மாற்றும் நோக்குடன் 2008இல் 'கம்ப்யூட்டிங் அட் ஸ்கூல்' என்ற அமைப்பு உருவானது. ஹாஸ்கெல் மொழியை வடிவமைத்தவர்களுள் ஒருவரும் அப்போது மைக்ரோசாப்ட் ஆய்வகத்தில் பணியாற்றியவருமான சைமன் பெய்டன் ஜோன்ஸ் அதன் தலைவராக இருந்தார். பள்ளி ஆசிரியர், பல்கலைக்கழகத்தார், தொழில்துறையினர் ஆகியோர் உறுப்பினர். பிரித்தானியக் கணினிக் கழகம் (பி.சி.எஸ்.) துணை நின்றது.

இவ்வமைப்பின் உயிர்நாடி 'ஹப்' எனப்பட்ட உள்ளூர் வட்டங்களே. பள்ளி விட்டபின், ஏதேனும் ஒரு பள்ளியிலோ அருகிலுள்ள பல்கலைக்கழகத்திலோ சுற்றுவட்டார ஆசிரியர்கள் கூடுவர். ஒருவர் தம் வகுப்பில் பயன்பட்ட பாடத்தை நடத்திக் காட்டுவார். மற்றவர்கள் அதை எடுத்துச் சென்று தம் மாணவரிடம் முயன்று பார்ப்பர். கட்டணம் இல்லை. பெரும்பாலான பள்ளிகளில் இப்பாடத்துக்கு ஓரிரு ஆசிரியரே இருந்தனர். ஐயம் கேட்கப் பள்ளிக்குள் ஆளில்லாத ஆசிரியருக்கு இக்கூட்டம் எவ்வளவு பெரிய துணை என்பது வகுப்பறையில் நின்றவர்களுக்கு எளிதில் விளங்கும்.

2011 ஆகஸ்டில் கூகுளின் எரிக் ஷ்மிட், பிரிட்டன் தன் கணினிப் பெருமையைத் தானே வீணடிக்கிறது என்று எடின்பரோவில் குறைகூறினார். 2012 ஜனவரியில் கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ் பழைய ஐ.சி.டி. பாடத்திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். இரண்டு நாளில் ராயல் சொசைட்டியின் அறிக்கையும் வெளிவந்தது. அதுவும் பாடத்தை மாற்ற வேண்டும் என்றது. கூடவே ஆசிரியர் பற்றாக்குறையையும் சுட்டியது.

பாடத்திட்டத்தை ஓர் ஆணையால் மாற்றலாம். ஆசிரியரை அப்படி மாற்ற முடியாது. நிரல் எழுதியே பழகாத பலர் நிரலாக்கம் கற்பிக்க வேண்டியதாயிற்று. அவ்வமைப்பு அரசு நிதியுடன் தேர்ந்த ஆசிரியர்களைக் கொண்டு அண்டைப் பள்ளி ஆசிரியருக்குப் பயிற்சி அளித்தது. பல்கலைக்கழகங்களில் பத்து வட்டார மையங்களும் அமைந்தன. தேவையோ இதைவிடப் பெரிது.

2017இல் ராயல் சொசைட்டி மீண்டும் ஆராய்ந்தபோது இது எண்களில் தெரிந்தது. ஜி.சி.எஸ்.இ. நிலையில் 11 விழுக்காட்டு மாணவரே கணினியறிவியலை எடுத்திருந்தனர்; அவர்களில் பெண்கள் ஐந்தில் ஒருவர். 54 விழுக்காட்டுப் பள்ளிகளில் அப்பாடமே இல்லை. 2012 முதல் 2017 வரை புதிய கணினி ஆசிரியர் சேர்க்கை, இலக்கில் 68 விழுக்காட்டையே எட்டியது. பழைய ஐ.சி.டி. தேர்வையும் நீக்கியதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். சுவையற்ற பாடம் என்று பலரும் பழித்தாலும் அதில் பெண் குழந்தைகளின் பங்கு கூடுதலாக இருந்தது. அவ்வாசல் அடைபட்டபின் கணினி தொடர்பான எந்தத் தேர்வும் எழுதாத மாணவிகள் பெருகினர்.

2018இல் அரசு 8.4 கோடி பவுண்டு ஒதுக்கி தேசியக் கணினிக்கல்வி மையத்தைத் தொடங்கியது. ஸ்டெம் லேர்னிங், ராஸ்பெரி பை அறக்கட்டளை, பி.சி.எஸ். ஆகிய மூன்றும் சேர்ந்து அதை நடத்தின. பயிற்சி தர வட்டாரந்தோறும் சில பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தனர். அப்பள்ளிகளுக்கு இட்ட பெயரும் 'ஹப்' என்பதே.