மாடப்புறாவும் மாநகரமும்

தமிழ்நாட்டு வேளாண் நூல்களில் 'ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை' என்று ஒரு தொடர் உண்டு. அதையே இலங்கைத் தமிழில் 'ஒருங்கிணைந்த பீடை முகாமைத்துவம்' என்கிறார்கள். நகரங்களைப் பற்றிப் பேசும்போது இலங்கைச் சொல்லே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நகரவாசிக்குத் தொல்லை தருபவற்றில் பூச்சி மட்டுமா இருக்கிறது? எலி இருக்கிறது, பறவையும் இருக்கிறது. தவிரவும், எந்த உயிரும் பீடையாகப் பிறப்பதில்லை. ஓர் இடத்தில் ஓர் அளவுக்கு மேல் பெருகும்போது மனிதன் அதற்குச் சூட்டும் பெயர் அது.

நான் வசிக்கும் பிராங்பேர்ட்டில் அந்தப் பெயரை வாங்கிக் கட்டிக்கொண்ட பறவை, புறா. பெருகிவிட்ட ஓர் உயிரை ஒரு நகரம் என்னதான் செய்வது என்ற கேள்வியைப் புறாவை வைத்து விளக்கலாம் என்று தோன்றியது.

முறையும் அதன் பிறப்பும்

இந்தச் சிந்தனை வயலில் பிறந்தது. 1959ஆம் ஆண்டு வெர்னான் ஸ்டெர்ன், ரே ஸ்மித், ராபர்ட் வான் டென் பாஷ், கென்னத் ஹேகன் என்ற நான்கு கலிபோர்னியப் பூச்சியியலாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குதிரைமசால் பயிரைத் தாக்கிய அசுவினிக்கு மருந்து அடிக்க அடிக்க, அதைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சிகளும் சேர்ந்து மடிந்தன. மருந்தைத் தாங்கும் அசுவினிகள் மிஞ்சின. பூச்சியை அறவே ஒழிப்பது நோக்கமாக இருக்கக் கூடாது, சேதம் பொறுக்கமுடியாத அளவை எட்டும் முன் தடுத்தால் போதும் என்றார்கள் அவர்கள். அந்த அளவுக்கு 'வரம்பு' என்று பெயர்.

பிற்பாடு இது ஒரு வரிசையாக வளர்ந்தது. முதலில் எண்ணிப் பார்ப்பது. அடுத்து, அந்த உயிர் எதைத் தின்கிறது, எங்கே குடியிருக்கிறது என்று அறிந்து அவற்றைக் குறைப்பது. பிறகு வலை, தடுப்பு போன்ற பௌதிக வழிகள். அதன் பிறகு இனப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவது. நஞ்சும் கொலையும் கடைசி.

வயலில் வரம்பைக் கணக்கிடுவது ஓரளவு எளிது. பயிர்ச் சேதத்தின் விலை, மருந்தின் விலை என்று இரண்டு எண்கள் கையில் இருக்கும். நகரத்தில் அப்படி இல்லை. கடைக்காரருக்கு ஐம்பது புறா அதிகம். ரொட்டித் துண்டுகளோடு வரும் மூதாட்டிக்கு ஐந்நூறும் குறைவு.

புறாவின் பூர்வீகம்

நகரப் புறாவைக் காட்டுப் பறவை என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் அது மனிதன் வளர்த்துக் கைவிட்ட பறவை. கடலோரப் பாறைகளில் வாழ்ந்த புறாவை இறைச்சிக்காகவும் எருவுக்காகவும் செய்தி அனுப்பவும் மனிதன் பல ஆயிரம் ஆண்டுகளாக வளர்த்தான். அதிக முட்டையிடும் இனங்களைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினான். அதனால்தான் நகரப் புறா ஆண்டுக்கு ஐந்தாறு முறைகூட, முறைக்கு இரண்டாக முட்டையிடுகிறது. பந்தயத்தில் வழி தவறிய புறாக்களும் இந்தக் கூட்டங்களில் வந்து சேர்ந்துகொள்கின்றன. பாறைக்குப் பதில் அதற்கு இப்போது கட்டடம். தமிழன் இதை என்றோ கவனித்திருக்கிறான். அதனால்தான் 'மாடப்புறா' என்று பெயர் வைத்தான்.

பிராங்பேர்ட்டிலிருந்து புறநகர் ரயிலில் போகக்கூடிய தூரத்தில் குரோன்பர்க் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே யூலியுஸ் நொய்ப்ரோன்னர் என்ற மருந்துக்கடைக்காரர் இருந்தார். அவசர மருந்துகளைப் புறாவின் மூலம் அனுப்பி வந்தவர். ஒருமுறை பனிமூட்டத்தில் தொலைந்த புறா சில வாரங்கள் கழித்து நன்றாகக் கொழுத்துத் திரும்பியது. எங்கே போயிருந்தது என்று அறியும் ஆவலில், புறாவின் மார்பில் கட்டும் சிறிய காமிராவைச் செய்தார். 1907இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1908இல் பெற்றார். 1909இல் பிராங்பேர்ட்டில் நடந்த சர்வதேச விமானக் கண்காட்சியில், புறா எடுத்த படங்கள் அஞ்சலட்டைகளாக விற்றன. தந்தியும் தொலைபேசியும் பரவிய பின் புறாவுக்கு வேலை போயிற்று. வேலை போன பின்னரும் அது ஊரை விட்டுப் போகவில்லை.

கொன்றால் குறையுமா?

புறாவின் மேல் சொல்லப்படும் குற்றங்கள் பொய்யல்ல. ஒரு புறா ஆண்டுக்கு ஏறத்தாழ 10 முதல் 12 கிலோ எச்சமிடுகிறது. அது உலோகத் தகடுகளை அரிக்கும், நடைபாதையை வழுக்கச் செய்யும். எச்சத் தூசியை நெடுங்காலம் சுவாசிப்பவர்களுக்கு நுரையீரல் ஒவ்வாமை வரலாம். அதே சமயம் அச்சத்தையும் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். 1941 முதல் 2003 வரை நகரப் புறாவிடமிருந்து மனிதருக்கு நோய் தொற்றியதாக உலக மருத்துவ ஏடுகளில் பதிவானவற்றைப் பாசல் பல்கலைக்கழக உயிரியலாளர் தானியல் ஹாக்-வாக்கர்நாகல் தொகுத்தார். கிடைத்தவை 176.

பிராங்பேர்ட்டிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்தில் எட்டிவிடும் சுவிஸ் நகரமான பாசலின் அனுபவம்தான் இதில் முக்கியமானது. 1961 முதல் 1985 வரை அங்கே ஏறத்தாழ ஒரு லட்சம் புறாக்களைக் கொன்றார்கள். நகரத்தில் இருந்தவையோ சுமார் 20,000. ஒரு லட்சத்தைக் கொன்ற பிறகும் அந்த 20,000 குறையவில்லை.

பொறியியல் படித்தவனுக்கு இதில் வியப்பில்லை. குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு தொட்டியை மொண்டு இறைக்கிற கதை இது. புறாக்களின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது நகரம் சிந்தும் உணவு. சாதாரணமாகக் குஞ்சுகளில் பெரும்பகுதி பட்டினியிலும் நோயிலும் செத்துப்போகும். பெரியவற்றைக் கொன்றால் அந்தக் குஞ்சுகளுக்கு இடமும் இரையும் கிடைக்கின்றன. கொலை, இளைய தலைமுறைக்குச் செய்யும் உதவியாக முடிகிறது.

1988இல் பாசல் வழியை மாற்றிக்கொண்டது. புறாக்களுக்கு இரை போடுவது அவற்றுக்கே எப்படித் தீங்காகிறது என்று சுவரொட்டிகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும் விளக்கினார்கள். நெரிசலான கூடுகளில் நோயுற்ற குஞ்சுகளின் படங்களை மறைக்காமல் காட்டினார்கள். கூடவே, கண்காணிக்கப்படும் புறாக்கூடங்களை அமைத்து முட்டைகளை அகற்றினார்கள். சுமார் நான்கு ஆண்டுகளில் புறாக்களின் எண்ணிக்கை பாதியாயிற்று.

பிராங்பேர்ட்டின் வழி

ஜெர்மனியில் பல நகரங்கள் பின்பற்றுவது 1990களில் அவுக்ஸ்பர்க் நகரத்தில் தொடங்கிய முறை. கட்டடங்களின் மேல்தளங்களில் புறாக்கூடம் அமைத்து, நல்ல தானியமும் நீரும் வைக்கிறார்கள். புறா இடப்பற்று மிக்கது. வயிறு நிறைந்தால் பகலின் பெரும்பகுதியைக் கூடத்திலேயே கழிக்கும். எச்சமும் அங்கேயே விழுவதால் பெருக்கி எடுத்துவிடலாம். முட்டையிட்டதும் அதை எடுத்துவிட்டுப் போலி முட்டையை வைத்துவிடுகிறார்கள். புறா ஏமாந்து அடைகாக்கும். பிராங்பேர்ட்டில் 'ஸ்டாட்டௌபன்ப்ரொயெக்ட்', அதாவது நகரப் புறாத் திட்டம் என்ற தன்னார்வ அமைப்பு இப்படிப்பட்ட கூடங்களைக் கவனிக்கிறது. காலில் நூலும் தலைமயிரும் சுற்றி விரல் அழுகும் புறாக்களைப் பிடித்துச் சிக்கெடுப்பதும் இவர்களின் வேலை.

இதற்கும் எதிர்வாதம் உண்டு. கூடத்துக்கு வராத புறாக்கள் முட்டையிட்டுக்கொண்டேதான் இருக்கும். தெருவில் உணவு குறையாமல் கூடம் மட்டும் பயன் தராது என்பது ஹாக்-வாக்கர்நாகலின் முடிவு. எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஹாவுப்ட்வாக்கே சதுக்கத்தில் மதிய நேரத்தில் நின்று பார்த்தால் போதும். மேசைக்கடியில் விழும் ரொட்டித் துணுக்கும் உருளைக்கிழங்கு வறுவலும் எத்தனை கூடங்களைத் தோற்கடிக்கும் என்பது விளங்கும். கூடம், குப்பைத்தொட்டியின் மூடி, ஜன்னல் விளிம்பின் வலை, இரை போடாதிருத்தல் எல்லாம் சேர்ந்தால்தான் பலன். 'ஒருங்கிணைந்த' என்ற சொல்லின் பொருளும் அதுதானே.

வாக்குச்சீட்டில் புறா

பிராங்பேர்ட்டுக்கு வடமேற்கே, அதே ஹெஸ்ஸன் மாநிலத்தில், லிம்பர்க் என்ற பழம்பெரும் ஊர் இருக்கிறது. அங்கே சுமார் 700 புறாக்கள். வணிகர்களும் குடியிருப்பவர்களும் கொடுத்த புகார்களையடுத்து, 2023 நவம்பரில் நகரமன்றம் ஒரு தீர்மானம் செய்தது: ஒருவரை அமர்த்திப் புறாக்களைப் பிடித்து, தலையில் அடித்து மயக்கி, கழுத்தை முறித்துக் கொல்வது. எதிர்ப்பு எழுந்தது. 2024 ஜூன் 9 அன்று ஊர்மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. 53 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்டோர் கொல்வதை ஆதரித்தார்கள்.

விலங்குகளைக் காப்பதை 2002இல் அரசியல் சட்டத்திலேயே சேர்த்த நாடு இது. தக்க காரணமின்றி விலங்குக்கு வலியோ தீங்கோ செய்யக் கூடாது என்கிறது அதன் விலங்குப் பாதுகாப்புச் சட்டம். பாசலின் கணக்கைப் படித்தவர்களுக்கு, பலன் தராத கொலை எப்படித் தக்க காரணமாகும் என்ற கேள்வி எழாமல் போகாது.

மறுபக்கமும் இருக்கிறது. 2025இல் மும்பையில் கபுதர்கானா எனப்படும் புறா இரையிடங்களை மூட மாநகராட்சி முனைந்தபோது தாதரில் போராட்டம் வெடித்தது. தானியம் வாரி இறைப்பதைப் புண்ணியமாக நினைப்பவர்கள் அங்கே திரண்டார்கள். சுற்றியிருந்த மாடிவீடுகளில் மூச்சுத்திணறலோடு இருப்பவர்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை.

புறாவுக்காகத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபியைச் சோழர்கள் தம் முன்னோனாகக் கொண்டாடினார்கள். புறநானூற்றுப் புலவர்கள் அதைச் சொல்லிச் சோழ மன்னர்களைப் புகழ்கிறார்கள். அந்தக் கதையில் ஒரு பருந்தும் இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பருந்தின் பசியும் நியாயமே என்று சிபி ஒப்புக்கொண்டான். அதனால்தான் துலாக்கோல் தேவைப்பட்டது. நகரத்திலும் எடைபோட வேண்டிய இரண்டு தட்டுகள் இருக்கின்றன. கழுத்தை முறிப்பவரும் சரி, ரொட்டியை வீசிவிட்டு வீட்டுக்குப் போகிறவரும் சரி, தங்கள் பங்காக எதையும் வைப்பதில்லை. கூடத்தில் ஏறி எச்சத்தைப் பெருக்கி, ஒவ்வொரு முட்டையாக மாற்றி வைக்கிறவர் தன் ஞாயிற்றுக்கிழமையை வைக்கிறார்.